சர்க்கார் பேசும் பாஷை யாருடைய பாஷை?

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



பல தேசங்களில் இன்ன பாஷைதான் சர்க்கார் பாஷை என்று சட்டம் செய்ததால் அங்குள்ள ஜனங்களுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். எனக்கு முன் பேசிய தோழர் மொழியின் தொன்மையைப் பற்றியும் இனிமையைப் பற்றியும் வெகு அழகாகச் சொன்னார். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. அது புலவர்களுடைய வேலை. நானோ பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட வாசகசாலைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்ததே அதிகம். எனக்குத் தெரிந்த வரையில் பாஷை என்பது ஒருவன் கருத்தை மற்றொருவன் அறிந்து கொள்வதற்காக மனிதன் செய்து கொண்ட ஒரு கருவி. ஏர், மண்வெட்டி, தராசு போல அதுவும் ஒன்று. அதற்குக் கோவில் கட்ட வேண்டியதுமில்லை, கற்பூரம் கொளுத்த வேண்டியதுமில்லை. ஆனால் அந்தக் கருவியை எவனாவது ஒருவன் பூட்டாகச் செய்து, கச்சேரி வாசலிலும், கோர்ட்டு வாசலிலும், பள்ளிக்கூட வாசலிலும் மாட்டிவிட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக் கொள்ளுவானேயானால், அப்பொழுது பார்த்துக் கொண்டு சும்மா இருப்பது மானமுள்ளவர்கள் செய்யக் கூடிய காரியமல்ல.

ஆகவே எந்த தேசத்தைப் பற்றிப் பேசினாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்தப் பாஷை வந்ததால் எவன் உள்ளே போனான்? எவன் வெளியே நின்றான்?

இங்கிலீஷ்காரன் பட்ட அடிமைத்தனம்

உலகத்தையே தன் பாஷையால் கட்டி ஆண்டானே இங்கிலீஷ்காரன், அவனுடைய பாஷை அவன் தேசத்திலேயே தீண்டாமைப்பட்டுக் கிடந்த காலம் உண்டு என்றால் உங்களில் சிலர் ஆச்சரியப்படலாம். 1066ஆம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து நார்மண்டியிலிருந்து வில்லியம் என்கின்ற பிரபு படையெடுத்து இங்கிலாந்தைப் பிடித்தான். அன்று முதல் அரண்மனையிலும் பிரபுக்கள் வீட்டிலும் பிரெஞ்சு. கோவிலிலும் தஸ்தாவேஜுகளிலும் லத்தீன். மாட்டுக் கொட்டகையிலும் வயற்காட்டிலும் இங்கிலீஷ். ஒரு குடியானவன் மீது வழக்கு வந்தால் அவனுடைய வக்கீல் என்ன பேசினான், எதிர்க்கட்சி வக்கீல் என்ன பேசினான், தனக்கு எதற்காகத் தண்டனை விதிக்கப்பட்டது என்பதொன்றும் அவனுக்குத் தெரியாது. நம் வீட்டில் நடக்கும் கல்யாணத்தில் புரோகிதர் என்ன சொல்லி நம்மை என்ன செய்யச் சொல்லுகிறார் என்பது நமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

சுமார் 300 வருஷங்கள் கழித்து, 1362இல், கோர்ட்டுகளில் இங்கிலீஷில் வாதாட வேண்டும் என்று ஒரு சட்டம் செய்தார்கள். பிரெஞ்சு ஜனங்களுக்குப் புரிவதில்லை என்பதைக் காரணமாகச் சொல்லிச் செய்த அந்தச் சட்டத்தை எந்தப் பாஷையில் எழுதினார்கள் தெரியுமா? பிரெஞ்சில் எழுதினார்கள்! அதோடும் விட்டார்களா? ரிக்கார்டுகளெல்லாம் லத்தீனிலேயே இருக்க வேண்டும் என்று வைத்துக் கொண்டார்கள். 1731இல் வேறொரு சட்டம் செய்து, அது 1733இல் அமலுக்கு வந்த பிறகுதான் கோர்ட்டுக் காகிதம் முழுவதும் இங்கிலீஷாயிற்று. 370 வருஷம்! அப்பொழுதும் சட்டம் கற்ற பெரியவர்களில் சிலர் கூடாது என்று தடுத்தார்கள். ஏன் தடுத்தார்கள்? தனக்கும் கட்சிக்காரனுக்கும் நடுவில் இருக்கும் இருட்டுத்தான் வக்கீலுக்கு முதல். வெளிச்சம் வந்தால் வியாபாரம் குறையாதா?

கோவில் விஷயத்திலும் இதே கதைதான். வில்லியம் டிண்டேல் என்கின்ற ஒருவர் பைபிளை இங்கிலீஷில் மொழிபெயர்த்து அச்சுப்போட்டார். அவரை மதத் துரோகி என்று பிடித்து, பிரஸ்ஸல்ஸுக்குச் சமீபத்தில் கழுத்தை நெரித்துக் கொன்று, பிணத்தையும் கொளுத்தினார்கள். அது 1536ஆம் வருஷம். மூன்று வருஷத்திற்குள்ளாகவே இங்கிலாந்து ராஜாவின் உத்தரவின் பேரில் இங்கிலீஷ் பைபிள் கோவில் தோறும் வைக்கப்பட்டது! எந்தப் புஸ்தகத்துக்காக ஒருவன் உயிர் போயிற்றோ அந்தப் புஸ்தகம் சர்க்கார் புஸ்தகமாயிற்று. இதில் கடவுளுடைய அபிப்பிராயம் மூன்று வருஷத்தில் மாறிற்றா, ராஜாவின் அபிப்பிராயம் மாறிற்றா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள். ரோமாபுரிப் போப்பாண்டவர் சபையிலோ பூசையை லத்தீனை விட்டு அவரவர் பாஷையில் நடத்தலாம் என்று அனுமதிப்பதற்கு 1960களில் நடந்த வாட்டிக்கன் மகாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க் கருவறைக்குள் எந்தப் பாஷை போகலாம் என்ற சண்டையை அந்நியர்கள் பார்த்துச் சிரித்தால், அவர்களுக்கு இந்தக் கதையை ஞாபகப்படுத்துங்கள்.

மருமகள் மாமியாரான வரலாறு

நிற்க, அதே 1536ஆம் வருஷத்தில் இங்கிலாந்து சர்க்கார் இன்னொரு காரியம் செய்தது. பக்கத்திலுள்ள வேல்ஸ் நாட்டைத் தன்னோடு சேர்த்துக் கொண்டு, வெல்ஷ் பாஷை பேசுகிறவன் எவனுக்கும் அங்கு உத்தியோகம் கிடையாது, இங்கிலீஷ் பேசினால்தான் உண்டு என்று சட்டம் செய்தது. பிரெஞ்சுக்காரனிடம் மருமகளாயிருந்து இடிபட்டவள், வேல்ஸுக்கு மாமியாராக வந்து விட்டாள்.

19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் குழந்தையாவது வெல்ஷில் பேசி விட்டால் அதன் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுவார்கள். அந்தக் குழந்தை வேறொரு குழந்தை வெல்ஷ் பேசுவதைக் கண்டு பிடித்துச் சொன்னால் மரத்துண்டு அந்தக் குழந்தையின் கழுத்துக்குப் போகும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும்போது எவன் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. தாயிடம் கற்ற பேச்சுக்காகக் குழந்தையை அடிப்பது ஒரு கொடுமை என்றால், அடி தப்ப வேண்டுமானால் பக்கத்துப் பையனைக் காட்டிக் கொடு என்று பழக்குவது அதைவிடப் பெரிய கொடுமை. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் இது சர்க்கார் சட்டம் அல்ல. வாத்தியார்கள் செய்தது, பெற்றோர்களில் பலரும் சம்மதித்தது. ஏன் சம்மதித்தார்கள்? உத்தியோகம் இங்கிலீஷில் இருக்கிறது, நம் பிள்ளை பிழைக்க வேண்டாமா என்ற பயம். வயிற்றின் மீது பாஷையைக் கட்டி விட்டால் தகப்பனே பிரம்பை எடுத்துக் கொடுப்பான். வெல்ஷுக்கு அந்த நாட்டில் சர்க்கார் மொழி என்ற பூர்ண அந்தஸ்து கிடைத்தது 2011இல்.

இந்த மருமகள் கதை உலகம் முழுவதும் உண்டு. ஹங்கேரிக்காரர்கள் லத்தீனையும் ஜெர்மனையும் எதிர்த்துப் போராடி 1844இல் தங்கள் பாஷையைச் சர்க்கார் பாஷையாக்கிக் கொண்டார்கள்; 1907இல் அவர்களே ஸ்லோவாக்கியர், ருமேனியர் பள்ளிக்கூடங்களின் மீது தங்கள் பாஷையைத் திணிக்கச் சட்டம் செய்தார்கள். கெமால் பாட்சாவை நம் இயக்கத்தார் புகழ்ந்தது முற்றிலும் நியாயமே. 1928இல் அரபி எழுத்தை எடுத்து விட்டு ரோமன் எழுத்தைக் கொண்டு வந்தாரே, அதற்கு முந்திய வருஷம் துருக்கியில் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். முல்லாவின் எழுத்து சாமானியனுக்கு எட்டாத எழுத்தாயிருந்தது. அதைச் செய்த கை பாராட்டத்தக்க கைதான். ஆனால் அதே துருக்கி சர்க்கார் தன் எல்லைக்குள் இருந்த குர்து மக்களின் பாஷையைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டிற்று. 1983இல் அதைப் பிரசுரிப்பதையும் பரப்புவதையும் தடுத்துச் சட்டமே செய்து, 1991 வரை வைத்திருந்தது. முல்லாவை விரட்டியவனும் குர்துக்காரனுக்கு முல்லாவாகி விட்டான் என்றால் பகுத்தறிவுக்காரர்கள் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

தென்னாப்பிரிக்காவில் வெடித்த குண்டு

எல்லாவற்றையும் விட நன்றாகக் கவனிக்க வேண்டியது தென்னாப்பிரிக்கா. அங்குள்ள போயர் என்கின்ற டச்சு வம்சத்து வெள்ளையர்கள் 1902இல் இங்கிலீஷ்காரனிடம் யுத்தத்தில் தோற்றார்கள். உடனே பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் வந்தது. அவர்கள் வீட்டில் பேசிய ஆப்பிரிக்கான்ஸ் பாஷை சமையற்கட்டுப் பாஷை என்று இகழப்பட்டது. ரோஷத்தோடு போராடி 1925இல் அதைச் சர்க்கார் பாஷையாக்கினார்கள். 1948இல் ராஜ்யத்தையே பிடித்தார்கள். பிறகு கறுப்பு மக்களுக்கு என்ன செய்தார்கள்?

தோழர்களே! இங்குதான் ஒரு சூழ்ச்சியைப் பார்க்க வேண்டும். 1953இல் கறுப்பர்களுக்கென்று ஒரு தனிக் கல்விச் சட்டம் செய்து, கீழ் வகுப்புகள் எல்லாவற்றிலும் அவரவர் தாய் மொழியிலேயே படிக்க வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் எண்ணம் என்ன? ஜூலுக்காரன் ஜூலுவில் படித்து ஜூலுக் கூலியாக இருக்கட்டும், கோசாக்காரன் கோசாவில் படித்துக் கோசாக் கூலியாக இருக்கட்டும், ஒருவரோடொருவர் சேராமல், உலக விஷயம் எட்டாமல், வெள்ளையன் வீட்டுக் கொல்லைப்புறத்தோடு நிற்கட்டும் என்பது. வருணாசிரமக்காரன் குலத்தொழிலைப் புகழ்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? உன் தொழில் உனக்கு உயர்ந்தது என்பான்; ஆனால் தன் பிள்ளையை அந்தத் தொழிலுக்கு அனுப்ப மாட்டான். ஆகையால் தாய் மொழி என்று எவன் சொன்னாலும் உடனே கைதட்டி விடாதீர்கள். அவன் எந்த வாசலைத் திறக்கிறான், எந்த வாசலைச் சாத்துகிறான் என்று பார்த்து விட்டுக் கைதட்டுங்கள்.

அதன் பிறகு 1974இல், கறுப்புப் பிள்ளைகளின் மேல் வகுப்புகளில் பாதிப் பாடத்தை ஆப்பிரிக்கான்ஸில்தான் நடத்த வேண்டும், கணக்கையும் அதிலேயே நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பிள்ளைக்கும் அந்தப் பாஷை தெரியாது. வாத்தியாருக்கே சரியாகத் தெரியாது. 1976 ஜூன் 16ஆம் தேதி சொவெட்டோ என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. ஹெக்டர் பீட்டர்சன் என்கின்ற 12 வயதுச் சிறுவன் செத்தான். அடிபட்ட அவனை ஒரு வாலிபன் கையில் ஏந்திக் கொண்டு ஓட, பக்கத்தில் அவனுடைய அக்காள் அழுது கொண்டு ஓடும் போட்டோப் படம் உலகம் முழுவதும் பரவிற்று. கலகம் தேசமெங்கும் மூண்டு நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த நெருப்பை அந்த ஆட்சியால் பிறகு அணைக்கவே முடியவில்லை. சமையற்கட்டுப் பாஷை என்று தாங்கள் இகழப்பட்டதை மறக்காதவர்கள், அடுத்தவன் வீட்டுச் சமையற்கட்டுக்குள் துப்பாக்கியோடு போனார்கள். நிறவெறி ஆட்சி ஒழிந்த பின் 1996ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தில் 11 பாஷைகளைச் சர்க்கார் பாஷைகளாக வைத்தார்கள். 2023இல் ஊமை, செவிடு என்று நாம் இழிவாய்ச் சொல்லுகிறோமே, அந்தத் தோழர்களின் சைகை மொழியையும் பன்னிரண்டாவதாகச் சேர்த்தார்கள். இன்னும் இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத்தான் அங்கு நல்ல உத்தியோகம் என்பதும் உண்மை. சட்டத்தில் எழுதினவுடன் சாதம் வெந்து விடாது.

ஹெய்ட்டி தீவைப் பற்றி ஒரு வார்த்தை. அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்கள் பிரெஞ்சுப் படையை முறியடித்து 1804இல் சுயராஜ்யம் பெற்றார்கள். இதைவிட வீரமான சரித்திரம் வேறில்லை. அங்கு எல்லோரும் பேசுவது கிரெயோல். நன்றாகப் பிரெஞ்சு தெரிந்தவர்கள் ஒரு சிறு கூட்டத்தார். இருந்தும் கோர்ட்டு, பள்ளிக்கூடம், சர்க்கார் எல்லாம் பிரெஞ்சு. புரியாத பாஷையில் பாடத்தை உருப்போட்டு ஒப்பிப்பதே அங்கு பிள்ளைகளின் படிப்பாயிருந்தது. ஜனங்கள் பாஷைக்குச் சர்க்கார் பாஷை அந்தஸ்து கிடைத்தது 1987இல். வெளியிலிருந்து வந்த எஜமானனைத் துரத்த அவர்களுக்கு 13 வருஷம் போதுமாயிருந்தது. உள்ளிருந்த எஜமானனிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க 183 வருஷம் ஆயிற்று.

உருது ஒன்றே என்று இங்கிலீஷில் சொன்னவர்

பாகிஸ்தான் உண்டான போது அதன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் வங்காளி பேசுகிறவர்கள். உருதுவைத் தாய்மொழியாக உடையவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. 1948 மார்ச் மாதம் ஜனாப் ஜின்னா டாக்காவில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு முன் நின்று, பாகிஸ்தானின் ராஜ்ய பாஷை உருதுதான், வேறெதுவும் அல்ல என்று சொன்னார். எந்தப் பாஷையில் சொன்னார்? இங்கிலீஷில்! 1952 பிப்ரவரி 21ஆம் தேதி டாக்காவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். 1956இல் வங்காளிக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் காயம் ஆறவில்லை. 1971இல் தேசமே இரண்டாயிற்று. மதம் ஒன்றாயிருந்தால் போதும், ஜனங்கள் ஒன்றாயிருப்பார்கள் என்று சொல்லுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? இரு பக்கமும் ஒரே அல்லா, ஒரே குர்ஆன். ஆனால் பாஷை ஒன்றல்ல. இதிலும் மருமகள் கதை முடியவில்லை. 1972இல் வங்க தேசத்து அரசியல் சட்டம் எழுதிய போது, இத்தேசத்தவர் எல்லோரும் வங்காளிகளே என்று எழுதினார்கள். சிட்டகாங் மலைவாசிகளின் பிரதிநிதி மானபேந்திர நாராயண் லார்மா, நாங்கள் வங்காளிகள் அல்லவே என்று சட்டசபையில் எழுந்து சொன்னதை யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை.

இலங்கையில் ஒரு குமாஸ்தா

இலங்கையைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது எங்கே ஆரம்பித்தது என்பதை மறந்து விடுகிறோம். வெள்ளைக்காரன் போன பிறகும் சர்க்கார் இங்கிலீஷிலேயே நடந்தது. நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கூடத் தெரியாத பாஷை. இது ஒழிய வேண்டும் என்று சிங்களக் கிராமத்தான் கேட்டது நியாயம். ஆக்ஸ்போர்டில் படித்து வந்த பண்டாரநாயகா அந்த நியாயமான கோபத்தைப் பிடித்துக் கொண்டு, 1956இல் சிங்களம் ஒன்றே சர்க்கார் பாஷை என்று சட்டம் செய்தார். எதிர்த்துச் சத்தியாக்கிரகம் செய்த தமிழ்த் தலைவர்கள் கொழும்பு காலிமுகத் திடலில் அடிக்கப்பட்டார்கள். 1957இல் செல்வநாயகத்தோடு அவர் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார். மறு வருஷம் காவி கட்டிய பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தவுடன் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். ஆசையைத் துறந்தவர்களுக்குக் குமாஸ்தா உத்தியோகம் எந்தப் பாஷையில் நடந்தால் என்ன? அதை மட்டும் அவர்கள் துறக்கவில்லை.

அந்தச் சட்டம் ஒரு மனிதனை எப்படித் தொட்டது என்று பாருங்கள். கோடீஸ்வரன் என்று பெயர் கொண்ட ஒரு தமிழர். பெயர்தான் கோடீஸ்வரன், உத்தியோகம் சர்க்கார் குமாஸ்தா. சிங்களப் பரீட்சை தேறவில்லை என்று அவருக்கு வர வேண்டிய சம்பள உயர்வை 1960களின் ஆரம்பத்தில் நிறுத்தினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். ஜில்லாக் கோர்ட்டு 1964இல் அந்தப் பாஷைச் சட்டமே செல்லாது என்றது. மேல் கோர்ட்டு 1967இல், சம்பளத்துக்காகச் சர்க்கார் மேல் உத்தியோகஸ்தன் வழக்குப் போடவே முடியாது என்று தள்ளிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் 1969இல், போடலாம், பாஷைச் சட்டம் செல்லுமா என்பதை நீங்களே விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பிற்று. சர்க்கார் என்ன செய்தது? 1972இல் புது அரசியல் சட்டம் எழுதி, சிங்களத்தை அதற்குள்ளேயே வைத்து விட்டது. ஒரு குமாஸ்தாவின் சம்பள உயர்வுக்கு நியாயம் சொல்லத் தைரியமில்லாமல், தேசத்தின் அஸ்திவாரத்தையே மாற்றிக் கட்டினார்கள். தமிழும் சர்க்கார் பாஷை என்று 1987இல் எழுதும் போது, அந்த நாடு நான்கு வருஷமாக யுத்தத்தில் எரிந்து கொண்டிருந்தது.

சீட்டில் வந்த கேள்விகள்

தலைவர் அவர்கள் இரண்டு சீட்டுகளைக் கொடுத்திருக்கிறார். ஒருவர், "பொது பாஷை ஒன்று இல்லாவிட்டால் தேசம் சிதறாதா?" என்று கேட்கிறார். சுவிட்சர்லாந்து 1848 முதல் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றையும் வைத்துக் கொண்டிருக்கிறது. ஜெர்மன் பேசுகிறவர்கள் பாதிக்கு மேல். அவர்கள் நாங்கள் அதிகம் என்று மற்றவனைப் பரீட்சையில் உட்கார வைக்கவில்லை. 1938இல், பக்கத்தில் ஹிட்லரும் முசோலினியும் உறுமிக் கொண்டிருந்த போது, நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் பேசிய ரோமான்ஷ் பாஷையையும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேசிய மொழியாகச் சேர்த்துக் கொண்டார்கள். சிதறினதா? சிதறிய பாகிஸ்தானில் இருந்தது ஒரே பாஷை என்ற கொள்கைதான்.

பின்லாந்தை இன்னும் கவனிக்க வேண்டும். அங்கு வெகு காலம் சுவீடிஷ் பேசுகிறவர்களே எஜமானர்கள். பின்னிஷ் குடியானவன் பாஷை. 1863இல்தான் அதற்குச் சர்க்கார் காரியத்தில் வாசல் திறந்தது. பிறகு பின்னிஷ்காரன் கைக்கு ராஜ்யம் வந்தது. இன்று சுவீடிஷ் பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். பழைய பழியைத் தீர்த்துக் கொள்ள நினைத்திருந்தால் ஒரு சட்டம் போதும். ஆனால் அவர்கள் செய்த சட்டம் என்னவென்றால், ஓர் ஊரில் சிறுபான்மைப் பாஷைக்காரர்கள் நூற்றுக்கு 8 பேர் இருந்தாலும், அல்லது 3000 பேர் இருந்தாலும், அந்த ஊரில் இரண்டு பாஷையிலும் சர்க்கார் பேச வேண்டும் என்பது. மருமகள் மாமியாராகியும் கொடுமை செய்யாத வீடு ஒன்று இருக்கிறதென்று தெரிந்து கொள்ளத்தான் இதைச் சொன்னேன். 1938லும் 1965லும் இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களும் உயிரைக் கொடுத்தவர்களும் இருக்கும் நாட்டில், நீலகிரி மலையில் இருளரும் தோடரும் கோத்தரும் தங்கள் பிள்ளைகளை முதல் வகுப்பில் கொண்டு வந்து விடும்போது நம் வாத்தியார் எந்தப் பாஷையில் வாவென்று கூப்பிடுகிறார் என்பதையும் நாம் விசாரிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது சீட்டில், "பல பாஷைகளில் சர்க்கார் நடத்தினால் மொழிபெயர்ப்புச் செலவு யார் கொடுப்பது?" என்றிருக்கிறது. நல்ல கேள்வி; செலவு உண்டுதான். காகிதம் உண்டு, மொழிபெயர்ப்பாளன் சம்பளம் உண்டு, அச்சுக்கூலி உண்டு. இலங்கை சர்க்கார் அந்தச் செலவை 1956இல் மிச்சம் பிடித்தது. 1983 முதல் 2009 வரை அந்த தேசம் யுத்தத்துக்குக் கொடுத்ததைச் சீட்டு எழுதிய தோழர் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கட்டும். நேரமாகி விட்டது என்று தலைவர் ஜாடை காட்டுகிறார்.